மூன்று தட்டு

எங்கள் வீட்டுப் பக்கம் எதைத் தட்டினாலும் நானும் என் கணவரும் தலை நிமிர்ந்துவிடுவோம். பக்கத்து வளவில் தச்சர் ஆணி அடித்தாலும் சரி, நான் உரலில் உள்ளி இடித்தாலும் சரி. மூன்று தட்டோடு சத்தம் நின்றுவிட்டால் அவர் எழுந்து சட்டையைத் தேடுவார். நாலாவது தட்டும் விழுந்தால் மறுபடி உட்கார்ந்துவிடுவார். வீட்டுக்கு வந்தவர்களுக்கு இது வேடிக்கையாகத் தெரியும். எங்களுக்கு இதில் வேடிக்கை ஒன்றும் இல்லை.

மூன்று தட்டு என்றால் மேலே வா என்று அர்த்தம். எங்கள் ஊர் கண்டக்குழியில் கடல் அட்டைக்குப் போகிற படகுகளில் அது சட்டம் மாதிரி. சுழியோடி காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கீழே போவான். மேலே ஒருவர் அவன் விடும் குமிழிகளைப் பார்த்துப் பார்த்துப் படகை மெல்ல நகர்த்துவார். போதும் என்று அவருக்குப் பட்டால், தண்ணீருக்குள் இறக்கியிருக்கும் இரும்பு ஏணியில் ஸ்பானரால் மூன்று முறை தட்டுவார். கடலுக்குள் அந்தச் சத்தம் நன்றாகக் கேட்குமாம். கேட்டவன் பையில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்க்கக் கூடாது. ஆறுதலாக, இடையில் நின்று நின்று, மேலே வரவேண்டும். ஏன் தட்டினாய் என்று யாரும் கேட்பதில்லை.

என் தம்பி பதினேழு வயதில் சுழியோடப் போனான். படிப்பு ஏறவில்லை, கடல் ஏறியது. மேலே இருந்து குமிழி பார்த்தவர் என் கணவர். எங்களுக்கு அப்போதுதான் கலியாணம் முடிந்திருந்தது. உம்மா அவரிடம் சொன்னது இவ்வளவுதான்: "மருமகன், அவன உங்கட கண்ணுலதான் உட்டிரிக்கேன்."

கடலடி மணலில் வெள்ளரிக்காய் மாதிரிக் கிடக்கும் அந்த அட்டையை எங்கள் ஊரில் யாரும் வாயில் வைப்பதில்லை. காலில் பட்டாலே முகம் சுளிப்போம். ஆனால் அதை அவித்துக் காயவைத்தால் கொழும்பிலிருந்து ஆட்கள் வாகனம் கொண்டுவந்து அள்ளிக்கொண்டு போவார்கள். எந்தத் தேசத்திலோ அது விருந்துச் சாப்பாடாம். தம்பிக்கு அட்டை கிடக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கிற கண் இருந்தது. மற்றவர்கள் வெறும் பையோடு வரும் நாளிலும் அவன் பை நிறைந்திருக்கும். இரண்டு பருவத்துக்குள் சொந்தப் படகு வாங்கினான். அடுத்த பருவம் இன்னும் ஒன்று. இருபது வயதில் அவனிடம் ஆட்கள் வேலைக்கு நின்றார்கள்.

படகும் ஆட்களும் வைத்திருப்பவரை எங்கள் கரையில் சம்மாட்டி என்போம். தாடி நரைத்தவர்களுக்குப் பொருந்துகிற சொல் அது. அதைத் தம்பிக்கு முதலில் வைத்தது வாப்பாதான், பகிடிக்கு. காலையில் அவன் எழும்பப் பிந்தினால், "சம்மாட்டியார் இன்னம் பல்லுத் தீட்டல்லயோ" என்பார். நாங்கள் சிரிப்போம். அவனும் சிரிப்பான். பிறகு ஊரும் அப்படியே கூப்பிட்டது. எந்த நாளில் அந்தப் பகிடியிலிருந்து சிரிப்புக் கழன்று போனது என்று எனக்கு இப்போதும் பிடிபடவில்லை.

மோட்டார் சைக்கிள் வந்தது, வான் வந்தது, கறுப்புக் கண்ணாடி வந்தது. பொழுது பட்டு மஃரிபுக்குப் பிறகும் அந்தக் கண்ணாடியைக் கழற்ற மாட்டான். அற்பனுக்குப் பவிசு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான் என்று நான் அவன் முகத்துக்கு நேரேயே சொல்வேன். எங்கள் மதிலுக்கு அந்தப் பக்கம் மாடி வீடு கட்டத் தொடங்கினான். சுவர் முழுதாக எழும்புமுன்னே படிக்கட்டைக் கட்டச் சொன்னான். மேலே நின்று கடலைப் பார்க்கவேண்டுமாம். நாள் முழுக்கக் கடலுக்கு அடியில் கிடப்பவனுக்கு அதை மேலேயிருந்து வேறு பார்க்கவேண்டுமா என்று கேட்டேன். "ராத்தா, ஒங்களுக்கு வெளங்காது" என்றான்.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. வாப்பா கதிரையை விட்டு எழும்பியதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. பள்ளிக்கூடம் கட் அடித்ததற்காக அதே வாப்பா அவனைக் கரை நீளத்துக்கும் துரத்தி அடித்திருக்கிறார். ஒரு நாள் கொழும்பு ஆட்களோடு அவன் உள்ளே வந்தான். வாப்பா எழும்பி, தான் இருந்த கதிரையைத் துண்டால் தட்டி, "இரிங்க" என்றார். வந்தவர்களுக்குத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் பார்த்தது தம்பியை. அவனும் அதில் உட்கார்ந்தான். அன்றிலிருந்து வீட்டில் அவனுக்கு நீங்க, வாங்க. என் கணவரும் நீயிலிருந்து நீங்கவுக்கு மாறினார். அவனுடைய படகில்தானே அவர் வேலை செய்தார்.

ஒரு நாள் என் கணவர் வழக்கம் போலத் தட்டினார். கீழே நல்ல இடம் ஒன்று அகப்பட்டிருந்த நேரம் அது. தம்பி மேலே வந்து முகமூடியைக் கழற்றி, ஆட்கள் எல்லாருக்கும் முன்னால் கேட்டான்: "படகு யார்ட?" பதிலுக்கு நிற்கவில்லை. "இனி நான் சொல்லாம தட்ட வேணாம் மச்சான்."

"சரி" என்றாராம்.

அன்று மத்தியானம் அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "நீங்க தட்டுங்க, அவன் கெடக்கான். நம்மட தம்பிதானே" என்றேன். "தம்பிட படகெண்டா தட்டலாம். இது சம்மாட்டிட படகு" என்றார். எனக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் யார் மேல் என்று தெரியவில்லை.

கொஞ்ச நாள் கழித்து அது நடந்தது. அன்று கடல் எண்ணெய் போலக் கிடந்ததாம். பருவக் காற்றுத் தொடங்குமுன் கிடைப்பதை அள்ளிவிடவேண்டும் என்று தம்பி மூன்றாவது சிலிண்டரோடு இறங்கினான். மேலே வரவேண்டிய நேரம் மிஞ்சியது. என் கணவர் ஸ்பானரைக் கையில் எடுத்தார். ஏணி வரைக்கும் கொண்டுபோனார். பிறகு அதைப் பலகையில் வைத்துவிட்டார். இதை எனக்குப் பல தடவை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் அந்தப் பலகையில் கையை வைத்துக் காட்டுவது போல நிலத்தில் கையை வைப்பார்.

கீழே சிலிண்டரில் காற்று முடிந்துவிட்டது. இடையில் எங்கும் நில்லாமல், தம்பி ஒரே மூச்சில் மேலே வந்து விழுந்தான். பையைத் தூக்கிக் காட்டிச் சிரித்தானாம். கரை தெரிகிற தூரத்தில் கால் விறைக்கிறது என்றான். கரை வந்ததும் தூக்கி இறக்க வந்தவர்களைத் தள்ளிவிட்டான். ஊர் பார்க்கச் சம்மாட்டியைத் தூக்கிக்கொண்டு போவதா? தானே குதித்தான். முழங்கால் தண்ணீரில் குப்புற விழுந்தான். பிறகு எழும்பவில்லை.

கால் இழுத்துப் பிடிக்கிற சூரைப் பிடிப்பு என்று எண்ணெய் தேய்த்தார்கள். தண்ணீர் ஓதிக் கொடுத்தார்கள். புத்தளத்துக்கும் அங்கிருந்து கொழும்புக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும்போது எல்லாம் பிந்திவிட்டது, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போயிருந்தது. சோடாப் போத்தலைச் சடாரென்று திறந்தால் எப்படி, அப்படித்தான் இரத்தத்துக்குள் குமிழி கிளம்பியது என்று டொக்டர் சொன்னார். படகுக்குப் பொறுப்பு யார் என்று கேட்டார். வாப்பா கட்டிலில் கிடந்தவனைக் காட்டி, "இவருதான் சம்மாட்டி" என்றார். டொக்டர் தம்பியின் முகத்தைப் பார்த்தார். பிறகு எங்கள் ஒவ்வொருவரின் முகத்தையும் பார்த்தார்.

இது நடந்து வருடங்கள் ஓடிவிட்டன. வாப்பாவும் உம்மாவும் மௌத்தாகிவிட்டார்கள். படகுகள் போய்விட்டன, வானும் போய்விட்டது. வீடு மட்டும் நிற்கிறது. படிக்கட்டு மேலே போய்க் கூரையில்லாத தளத்தில் முடிகிறது. கம்பிகள் துருப்பிடித்து வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கின்றன. அங்கே நின்றால் கடலும் தெரியும், நுரைச்சோலை மின் நிலையத்துப் புகைபோக்கியும் தெரியும் என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். தம்பி கீழே ஹோலில் இரும்புக் கட்டிலில் கிடக்கிறான். அவன் அந்தப் படியில் ஒரு தடவை கூட ஏறவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அவன் கேட்ட முதல் சாமான் அந்த ஸ்பானர். கையில் போன் இருந்தது. இருந்தும் ஆள் தேவைப்பட்டால் கட்டில் சட்டத்தில் மூன்று முறை தட்டுவான். மதிலுக்கு இந்தப் பக்கம் நான் சமைக்கிற குசினிக்குக் கேட்கும். என் கணவர் போவார். புரட்டிப் படுக்கவைப்பார், கழுவிவிடுவார், வருவார். "மறக்க விடாம பழி வாங்குறான்" என்று ஒரு நாள் சொல்லிவிட்டேன். "தட்டட்டும்" என்றார் அவர்.

படுக்கைப் புண்ணுக்காக அவனைக் கொழும்பில் வைத்திருந்த காலத்தில் அந்த வீடு பூட்டிக் கிடந்தது. ஒரு மத்தியானம் நான் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். மூன்று தட்டுக் கேட்டது. அவர் சாவியை எடுத்துக்கொண்டு போனார். கொஞ்ச நேரத்தில் வந்து, சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, "பூனையாக்கும்" என்றார்.

போன மாதம் அசர் தொழுகைக்குப் பிறகு தம்பிக்குத் தேத்தண்ணீர் கொண்டுபோனேன். என் கணவர் அவன் கால்களை நீவிக்கொண்டிருந்தார். வெளியே கரைக்குப் போகிற பொடியன்கள் சைக்கிளை நிறுத்தாமலே, "சலாம் சம்மாட்டி" என்று சத்தம் போட்டுக்கொண்டு போனார்கள். தம்பி சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கேட்டான்.

"தட்ட வேணாம் எண்டு நான் சொன்னப்ப எனக்கு எத்தன வயசு மச்சான்?"

என் கணவரின் கை நின்றுவிட்டது. இந்தக் கேள்வியை இத்தனை வருடமாக அவர் எதிர்பார்த்திருந்தார் என்று எனக்குத் தெரியும்.

"இருவது."

"மீச கூட ஒழுங்கா வந்திரிக்கல்ல. அந்தப் பொடியன்ட கதைய நீங்க ஏன் மச்சான் கேட்டீங்க?"

கோபமாகக் கேட்கவில்லை. மெய்யாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். என் கணவர் அவன் காலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "உன்னப் பொடியன் எண்டு சொல்ல அப்ப ஊர்ல ஒருத்தரும் இருக்கல்லடா."

அவர் அவனை நீ என்று சொல்லி எவ்வளவு காலம். தம்பி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். தோள்கள் குலுங்கின. நான் தேத்தண்ணீர்க் கோப்பையோடு நின்றேன். கொஞ்சம் கழித்துத் தலையணைக்குக் கீழேயிருந்து ஸ்பானரை எடுத்து அவரிடம் நீட்டினான். "கொண்டுபோங்க மச்சான். இனி போன் பண்றேன்."

வீட்டுக்கு வந்து அதை அலுமாரியில் துணிக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். அன்று ராத்திரி அவர் இரண்டு தடவை சோறு கேட்டுச் சாப்பிட்டார்.

அடுத்த நாள் லுஹர் தொழுகைக்கு முன்னால், அரிசி கொதித்துக்கொண்டிருந்த நேரம், தட்டுக் கேட்டது. மூன்று, அதே இரும்புச் சத்தம். அவர் சட்டையைத் தேடினார். "வாறேன்டா" என்று மதிலைப் பார்த்துச் சத்தமாகச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். நான் போய் அலுமாரியைத் திறந்து பார்த்தேன். ஸ்பானர் வைத்த இடத்தில்தான் இருந்தது.