சாப்பாட்டு நேரத்தில் ரத்தம் எடுத்த சிஸ்டர்

பேய் ராத்திரியில்தான் வரும் என்பவர்களிடம் எனக்கு இப்போது பேச்சே கிடையாது. நான் பார்த்தது பட்டப்பகலில். திண்டுக்கல்லில், ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் ரத்த வங்கியில். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

என் தங்கச்சி கௌசல்யாவுக்குப் பிரசவத்துக்குப் பிறகு ரத்தப்போக்கு நிற்கவில்லை. குழந்தை நன்றாக இருந்தது. அவள் வெளுத்துக்கொண்டே போனாள். உடனே ஓ நெகட்டிவ் ரத்தம் வேண்டும் என்றார் டாக்டர். அவள் புருஷன் ஒட்டன்சத்திரத்தில் காய்கறி ஏற்றிக்கொண்டு கேரளாவுக்கு லாரி ஓட்டிப் போயிருந்தான். எனக்கும் அதே ரத்தம்தான். கீழே ஓடினேன்.

கவுண்டரில் இருந்தவர் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"எடுக்கிறவரு சாப்பிடப் போயிருக்காரு. செத்த நேரம் உக்காருங்க."

"தங்கச்சி சாகக் கெடக்குண்ணே."

"எல்லாரும் இதத்தான் சொல்றாங்க."

அடித்திருப்பேன். தங்கச்சிக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஜனங்கள் ரத்தம் கொடுக்க வருவதில்லையாம். ஏன் வருவார்கள்?

அப்போது உள்ளறைக் கதவு திறந்தது... சத்தமே இல்லாமல். வெள்ளைக் கோட்டில் ஒரு சிஸ்டர்.

"வாங்கண்ணே. நான் எடுக்கிறேன்."

அப்படி ஒரு கவனிப்பை நான் எங்கேயும் கண்டதில்லை. தலையணையைச் சரிசெய்தார். ஊசி குத்தியதே தெரியவில்லை. விரல்கள்தான்... கையுறை போட்டும் ஐஸ் மாதிரி இருந்தன.

நடக்கும்போது சளக்... சளக்... என்று ஈரச் சத்தம். தரை கழுவியிருப்பார்கள் என்று நினைத்தேன்.

பை நிறைந்தது.

"படுத்திருங்கண்ணே. உடனே எந்திரிக்கக் கூடாது. நான் கொண்டு போறேன்."

"பொழச்சுருவாளா சிஸ்டர்?"

"பொழைக்கணும்."

சளக்... சளக்...

குனிந்து பார்த்தேன்.

தரையில் தண்ணீர் இல்லை.

சிவப்பு...

வெளியே பாய்ந்தேன். கவுண்டர்காரர் அலறி எழுந்தார்.

"பூட்டுன ரூமுக்குள்ள எப்படிய்யா போன?"

திரும்பினேன். கதவில் பூட்டு தொங்கியது. என் கையில் பஞ்சும் பிளாஸ்திரியும் மட்டும் இருந்தன.

என் ரத்தம் எங்கே போனது? இனி இன்னொரு தடவை எடுக்கவும் மாட்டார்கள். தங்கச்சி போய்விட்டாள் என்றே நினைத்தேன். அழுதுகொண்டே மாடி ஏறினேன்.

கௌசல்யாவுக்கு ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. யார் கொண்டுவந்து மாட்டியது என்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை.

அவள் பிழைத்தாள். வீட்டுக்குக் கிளம்பிய அன்று வார்டு ஆயா அய்யம்மாளிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்துவிட்டார்.

"அது பாண்டிச்செல்வி சிஸ்டருப்பா. சித்திரையில இதே மாடியிலதான் பிள்ள பெத்துச்சு. அதுக்கும் ரத்தம் நிக்கல. கீழ அதுகிட்ட ரத்தம் குடுத்துட்டுப் போன அம்புட்டுப் பேருக்கும் போன் போட்டோம். யாருக்குன்னுகூட ஒருத்தரும் கேக்கல. 'பாண்டிச்செல்வி சிஸ்டர் எடுப்பாங்கன்னா சொல்லுங்க, வாரோம்'னு போன வச்சுட்டாங்க."