‘மிக நன்று’ போதாத டாக்டர்

திருநெல்வேலியில் நடந்த ஒரு பயிற்சிக்கு இரண்டு நாள் சாப்பாடு போட்டேன். கூட வேலை பார்க்கும் டாக்டர்களின் நிறைகுறையை அவர்களிடமே எடுத்துச் சொல்ல, டாக்டர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பயிற்சி அது. நடத்தியவரும் டாக்டர்தான். ஒல்லியான மனிதர், சட்டைப்பையில் எப்போதும் ஒரு சின்ன நோட்டு.

முதல் நாள் முடிந்ததும், வந்தவர்கள் கருத்து எழுதிக்கொடுத்த தாள்களோடு என்னிடம் வந்தார். முகம் வாடியிருந்தது.

“எல்லாத்துலயும் ‘மிக நன்று’ன்னே இருக்கு அண்ணாச்சி. இத வச்சு நாளைக்கு நான் எதத் திருத்த? பின்னால நின்னு பாத்தீயளே, நீங்க சொல்லுங்க.”

நெல்லையப்பரை நினைத்துக்கொண்டு சொல்லிவிட்டேன். “அடுத்தவங்ககிட்ட எப்படிப் பேசணும்னு பழக்குதீய சார். ஆனா காலையில இருந்து நீங்க மட்டுந்தான் பேசுதீய.”

விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு நோட்டில் எழுதிக்கொண்டார்.

மறுநாள் டாக்டர்களை இரண்டிரண்டு பேராக உட்காரவைத்துப் பேசவிட்டார். கூடம் கல்யாண வீடு மாதிரிக் கலகலத்தது. சாப்பாட்டுக்கு எழுந்துவர யாருக்கும் மனமில்லை. அவர் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு ஓரமாக நின்றார்.

கிளம்பும்போது என் காதருகே குனிந்து, “சொதியில உப்பு ஒரு கல்லு கொறவு அண்ணாச்சி” என்றார்.

இத்தனை வருசச் சமையலில் யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. அன்று சாயங்காலம் சந்நிதியில் அவருக்கும் சேர்த்துக் கும்பிட்டேன். சிரிப்புதான் அடங்கவில்லை.