புறா எச்சத்தில் வந்த பதில்

போன ஆடி மாதம் என் மனைவி சரோஜா என்னைப் பார்த்து, "நீங்க யாரு?" என்று கேட்டாள்.

அதற்கு முன்பே பல வாரங்களாகத் தலைவலி. கண்ணாடி மாற்றினோம். ஸ்கேன் எடுத்தோம். கடைசியில் மதுரையில் ஆஸ்பத்திரியில் சேர்த்து, முதுகுத்தண்டில் ஊசி குத்தி நீர் எடுத்துப் பார்த்து, மூளைச்சவ்வில் காசநோய் என்று மருந்து தொடங்கினார்கள். குறை சொல்ல மாட்டேன். நம் ஊரில் முதலில் வரும் சந்தேகம் அதுதான்.

மருந்து ஏற ஏற அவள் இறங்கினாள். வாந்தி, வலிப்பு. பார்வை இரண்டிரண்டாகத் தெரிந்தது. பிறகு பேச்சும் நின்றது.

நான் தாலுகா ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவன். எந்த மனு யாரிடம் போக வேண்டும், அவர் தள்ளினால் மேலே யார் என்பது அத்துப்படி. சரோஜாவின் அண்ணன் உசிலம்பட்டியிலிருந்து வந்திருந்தார். "அம்புட்டு ரூல் படிச்சிருக்கீகளே மாப்ள, இதுக்கு ஒண்ணும் இல்லையா?" என்றார். அவர் குத்திக் காட்டவில்லை. உண்மையிலேயே கேட்டார். அதுதான் தாங்கவில்லை.

வண்டியூர் மாரியம்மன் முன்னால் போய் நின்றேன். அழகாக வேண்டத் தெரியவில்லை. "தாயே, எனக்குத் தெரிந்ததெல்லாம் தீர்ந்துவிட்டது. அடுத்து என்ன என்று நீ சொல்" என்றேன். திருநீற்றை வாங்கி மடித்துக்கொண்டு வெளியே வந்தேன். ஆஸ்பத்திரிக்குத் திரும்பும்போது ஈமச்சடங்கைப் பற்றித்தான் யோசித்தேன்.

மறுநாள் டாக்டரம்மா வந்தபோது மச்சான் எழுந்து நின்றார். அவர் தோளில் வெள்ளையாக ஒரு கறை.

"சட்டையில என்னங்க அது?"

"புறா எச்சம்மா. மூட்டுவலி தீரணும்னு தங்கச்சி புறாவுக்குத் தீனி போடுறதா நேந்துக்கிட்டா. தலைவலி வந்ததும் இன்னொரு படி கூட்டிப் போட்டா. அவ படுத்ததும் நான் போடுறேன். மாடி பூராம் புறாதான்."

"மாடிய யாரு கூட்டுவா?"

"அவதான்."

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "மூட்டுவலிக்கு ஸ்டீராய்டு சாப்பிட்டாங்களா?"

"ஆமாம்மா, ரொம்ப நாளா."

அன்றே மறுபடி நீர் எடுத்தார்கள். அதில் மையைக் கலந்து நுண்ணோக்கியில் பார்த்தால், கறுப்புக்கு நடுவே ஒளிவட்டம் கட்டிய உருண்டைகள். பூஞ்சை. காய்ந்த எச்சத்தின் தூசியோடு நுரையீரலுக்குள் போய், எதிர்ப்புச் சக்தி குறைந்த உடம்பில் மூளைவரை ஏறும் பூஞ்சை. நோய் தீர நேர்ந்துகொண்டு நாங்கள் நோய்க்கே தீனி போட்டிருக்கிறோம்.

பூஞ்சைக்கான மருந்தும் லேசானதில்லை. அது நரம்பில் ஏறும்போது கட்டில் அதிரும்படி நடுங்குவாள். சிறுநீரகம் தாங்குமா என்று தினமும் ரத்தம் எடுத்தார்கள். மண்டைக்குள் அழுத்தம் குறைய மறுபடி மறுபடி முதுகில் ஊசி. "பொழப்பாளா மாப்ள?" என்று மச்சான் கேட்பதையும் நிறுத்திவிட்டார்.

ஒரு காலையில் அவளே வாய் திறந்து தண்ணீர் கேட்டாள்.

வலது கண்ணில் பார்வை திரும்பவில்லை. மாத்திரை இன்னும் ஓடுகிறது. புறாவுக்குத் தீனி போடும் நேர்த்திக்கடனை நிறுத்த அம்மனிடம் உத்தரவு வாங்கிக்கொண்டோம். முன்பெல்லாம் கோயிலில் சரோஜாவின் செருப்புக்குக் காவலாக வெளியே நிற்பேன். இப்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டு நானும் உள்ளே போகிறேன்.

உங்கள் வீட்டிலும் யாராவது இப்படிக் கிடக்கலாம். டாக்டர் கேட்பதற்கு ஒன்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். அம்மனிடமும் போங்கள். நான் பாதி நம்பிக்கையோடுதான் போனேன். அந்தப் பாதியே அம்மனுக்குப் போதுமாக இருந்தது.