பக்கத்து வீட்டுக் குரல்

என் மகளுக்குப் பேச்சு வராது. பொத்தானை அழுத்தினால் பேசும் கருவி ஒன்றைத் தந்தார்கள். அதில் செய்தி வாசிப்பவரைப் போல ஒரு குரல். அவள் அதைத் தொடவே இல்லை. பக்கத்து வீட்டுச் சிறுமியைப் பேசவைத்து எல்லாச் சொற்களையும் மாற்றிப் பதிந்தேன். அதன்பிறகுதான் அழுத்தத் தொடங்கினாள். ஆனாலும், நிபுணர்கள் தந்ததை நான் மாற்றலாமா என்ற கவலை, தூத்துக்குடித் துறைமுகத்தருகே நடந்த இத்தகைய கருவிகளைச் செய்யும் மறுவாழ்வுப் பொறியாளர்கள் மாநாட்டில் என்னைப் பேச அழைத்த மேடைவரை கூடவே வந்தது.

“குரலை ஏன் மாத்துனீங்க?” என்று கேட்டார் கருவியை வடிவமைத்தவர்.

எழுதிவந்த பதிலைத் தேடினேன். அதற்குள் என்னருகே இருந்த மகள் இரண்டு பொத்தான்களை அழுத்திவிட்டாள்.

“எம்மா, பசிக்கி. வா, வீட்டுக்குப் போவோம்.”

அரங்கமே சிரித்தது. “பதில் கெடச்சிட்டு தாயி, அம்மாவக் கூட்டிட்டுப் போ” என்றார் அவர். நான் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன்.