பன்னிரண்டாவது ஆள்

பாண்டி பஜாரில் ஒரு செருப்புக் கடையில், பள்ளிப் பிள்ளைகள் உடற்பயிற்சி வகுப்புக்குப் போட்டுக்கொள்கிற வெள்ளை கான்வாஸ் ஷூவை நான் எனக்காக வாங்கியபோது எனக்கு முப்பத்தைந்து வயது. கடைக்காரர், “பையன் என்ன கிளாஸ்மா படிக்கிறான்?” என்று கேட்டார். எனக்குத்தான் என்று சொல்ல வெட்கப்பட்டு, “எட்டாவது” என்று சொல்லிவிட்டேன். “பையன் ஷூவை நீங்க எதுக்கும்மா போட்டுப் பாக்கறீங்க?” என்று அவர் அடுத்துக் கேட்டதும் குனிந்து ஷூவின் கயிற்றை இழுத்துக் கட்டினேன். பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து அதே மாதிரி ஷூவுக்குள் காலை நுழைத்துக்கொண்டிருந்த என் நாத்தனார், என் பக்கம் திரும்பாமல், சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துச் சொன்னார்: “ரொம்ப தூரம் ஓடப் போறவா ஒரு சைஸ் பெரிசா வாங்கிக்கணும். கால் வீங்கும்.” அது எனக்காகச் சொன்னதுதான். ஆனால் என்னிடம் சொன்னதில்லை. நாங்கள் இருவரும் பேச்சை நிறுத்தி அப்போது எட்டு மாதம் ஆகியிருந்தது.

நாத்தனார் என் கணவருக்கு அக்கா. என்னைவிட நான்கு வயது பெரியவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அபிராமபுரத்தில் எங்களோடுதான் இருந்தார். அடையாறில் காது கேளாத குழந்தைகளுக்கான ஒரு சிறிய பள்ளியில் ஆசிரியை. பிள்ளைகள் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதால் ஒவ்வொரு சொல்லையும் வாயை நன்றாகத் திறந்து, உதட்டைக் குவித்து, பிரித்துப் பேசுவார். அந்தப் பழக்கம் வீட்டிலும் விடவில்லை. “காபி ஆறிப் போச்சு” என்று அவர் சொன்னால், கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவருக்கும் தெரிந்துவிடும். முதல் வருடம் எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. பிறகு, என்னை ஒன்றும் தெரியாதவள் என்று நினைத்துத்தான் அப்படிப் பேசுகிறாரோ என்று தோன்ற ஆரம்பித்தது. ஒரே கூரையின் கீழே பத்து வருடம் இருந்தால் இப்படியெல்லாம்தான் தோன்றும்.

சண்டைக்குக் காரணம் நான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய பேப்பர்காரர் வந்தபோது, அலமாரிக்குப் பின்னால் இருந்த ஒரு அட்டைப் பெட்டியையும் சேர்த்துப் போட்டுவிட்டேன். அதில் என்ன இருக்கிறது என்று திறந்துகூடப் பார்க்கவில்லை. இரண்டு கோடை விடுமுறைகள் முழுவதும் நாத்தனார் உட்கார்ந்து தன் வகுப்புக்காக வரைந்த படங்கள் அதில் இருந்தன. அம்மா, யானை, பேருந்து, மழை என்று ஒவ்வொரு அட்டையிலும் ஒரு படம். அதன் கீழே அந்தச் சொல்லைச் சொல்லும்போது உதடு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இன்னொரு படம். விஷயம் தெரிந்ததும் நான் மந்தைவெளி வரைக்கும் ஓடிப் பார்த்தேன். பேப்பர்காரர் போய்விட்டிருந்தார். திரும்பி வந்து மன்னிப்புக் கேட்பதற்காக வாயைத் திறந்தேன். அதற்குள் நாத்தனார், “அடுத்தவா சாமானைத் தொடப்படாதுன்னு உங்காத்துல சொல்லித் தரலையா?” என்று கேட்டுவிட்டார். என் அம்மா வீட்டை இழுத்ததும் திறந்த வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அவ்வளவுதான்.

ஒரே வீட்டில் பேசாமல் இருப்பது அப்படியொன்றும் சுலபமில்லை. எங்கள் வீட்டில் அதற்கு ஒரு வழி தானாக ஏற்பட்டது. அவர் ஃபிரிட்ஜிடம் பேசுவார், நான் குக்கரிடம் பேசுவேன். “பால் தீர்ந்துடுத்து போலிருக்கே” என்று அவர் ஃபிரிட்ஜிடம் சொல்வார். “அஞ்சு மணிக்கு வாங்கிண்டு வந்தாப் போச்சு” என்று நான் குக்கரிடம் சொல்வேன். நாங்கள் பேசிக்கொள்ளவில்லை என்பதையே என் கணவர் மூன்று வாரம் கழித்துத்தான் கண்டுபிடித்தார்.

அந்த வருடம், செவித்திறன் குறைந்த பிள்ளைகளுக்கு உதவி திரட்ட ஒரு ஓட்டம் ஏற்பாடாகியிருந்தது. மெரினா கலங்கரை விளக்கத்திலிருந்து சாந்தோம், அடையாறு பாலம் வழியாக பெசன்ட் நகர் கடற்கரை போய்த் திரும்ப வேண்டும். மொத்தம் பதினைந்து கிலோமீட்டர். நாத்தனாரின் பள்ளிக்குத் தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஒரு அண்ணாச்சி அவ்வப்போது ஏதாவது செய்வார். பன்னிரண்டு பிள்ளைகளுக்குக் காதொலிக் கருவி வேண்டும் என்று நாத்தனார் அவரிடம் கேட்கப் போனபோது, அவர் கல்லாவில் உட்கார்ந்தபடியே சொன்னாராம்: “டீச்சர், நான் சும்மா வாங்கித் தந்தா என் பேருதான வரும்? உங்க ஸ்கூல்ல இருந்து பன்னெண்டு பேரு ஓடுங்க. ரெண்டு மணி நேரத்துக்குள்ள வந்து சேருத ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு மிஷின். ஓடி வாங்குனா உங்க பேருல்லா நிக்கும்!”

ஆசிரியைகள், வேன் டிரைவர், காவலாளி, இரண்டு தகப்பன்மார் என்று பதினோரு பேர் சேர்ந்துவிட்டார்கள். பன்னிரண்டாவது ஆள் கிடைக்கவில்லை. என் கணவருக்கு முழங்கால் வலி. ஒரு சாயங்காலம் நான் சாதம் வடித்துக்கொண்டிருந்தபோது நாத்தனார் சமையலறைக்குள் வந்து வெகு நேரம் ஃபிரிட்ஜ் முன்னால் நின்றார். பிறகு அதனிடம் சொன்னார்: “பதினோரு மிஷின் வந்தா, பன்னெண்டு குழந்தைகள்ல யாருக்கு இல்லேன்னு யார் சொல்றது? நான்தானே சொல்லணும்?” எப்போதும் திறந்து மூடுகிற அந்த உதடுகள் அன்றைக்குச் சரியாகத் திறக்கவில்லை. நான் குக்கரைப் பார்த்து, “நான் ஓடினா பஸ்ஸுக்காகத்தான் ஓடியிருக்கேன். ஆனா பேர் குடுக்கறதுன்னா குடுக்கலாம்” என்றேன். மறுநாள்தான் நாங்கள் ஷூ வாங்கப் போனது.

இருட்டில் ஒருத்தியைத் தனியாக அனுப்ப முடியாது என்று என் கணவர் சொல்லிவிட்டதால், விடியற்காலை ஐந்து மணிக்குச் சேர்ந்தே கிளம்பினோம். சுடிதார் போட்டு, துப்பட்டாவைக் குறுக்காக ஊக்கு குத்தி, தலையைக் கொண்டையாக முடிந்துகொண்டு, மந்தைவெளி வழியாகப் பட்டினப்பாக்கம் கடற்கரை வரை போவோம். முதல் நாள் இரண்டாவது தெருமுனையிலேயே எனக்கு மூச்சு வாங்கியது. விலாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நாத்தனார் கம்பத்து விளக்கைப் பார்த்து, “ஓட முடியலேன்னா நடக்கலாம். நிக்கத்தான் கூடாது” என்றார். அவர் தன் அப்பாவின் பழைய கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு வருவார். ஒவ்வொரு நாளும் நேரத்தை வீட்டுக்கு வந்ததும் காலண்டர் தாளில் குறித்து வைப்பார். தினமும் எங்கள் எதிரே கூடையோடு வருகிற மீன்காரம்மாவுக்கு எங்களைப் பார்த்தால் சிரிப்புத் தாங்காது. “இன்னாமா, பஸ்ஸை வுட்டுட்டியா? தெனம் தெனம் இன்னாத்துக்கு இப்டி ஓடிக்கினு கீறீங்கோ?” என்று கேட்பார். காரணத்தை நாத்தனார் நின்று விளக்கிய பிறகு, “அப்டியா சேதி? அப்போ காலை எட்டிப் போடும்மா, சும்மா ஜோரா ஓடு!” என்று தினமும் எங்களை விரட்ட ஆரம்பித்தார்.

இரண்டு மாதத்தில் நான் பத்து கிலோமீட்டர் நிற்காமல் ஓடினேன். உடம்பு சொன்னபடி கேட்கிறது என்பதே எனக்குப் புதிய செய்தியாக இருந்தது. மாடிப்படி ஏறுகையில் மூச்சு வாங்கவில்லை. என் பெண்ணின் பள்ளிப் பையைத் தூக்கிக்கொண்டு அவளுக்கு முன்னால் நடந்தேன். ஆனால் கடற்கரையில் பக்கத்தில் பக்கத்தில் ஓடும்போதுகூட நாங்கள் கடலிடமும் கம்பங்களிடமும்தான் பேசினோம். அந்த அட்டைகளைப் பற்றிப் பேச எத்தனையோ காலைகள் வந்தன. ஒவ்வொரு நாளும், இன்றைக்கு மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று கிளம்புவேன். கேட்காமலே வீடு திரும்புவேன்.

ஓட்டம் நடந்த அன்று கலங்கரை விளக்கத்தடியில் திருவிழாக் கூட்டம். அண்ணாச்சி வெள்ளை வேட்டி சட்டையில், கையில் ஒரு பெரிய மேசைக் கடிகாரத்தோடு முடிவுக் கோட்டுக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். விசில் ஊதியதும் எல்லோரும் பாய்ந்தார்கள். நாங்கள் எங்கள் வேகத்தில் போனோம். சாந்தோம் தாண்டி, பாலம் தாண்டி, அடையாறு தாண்டி, பெசன்ட் நகர் கடற்கரையில் திரும்பும்போது ஒரு மணி நேரத்துக்கு இரண்டு நிமிடம் பாக்கி இருந்தது. எனக்கே நம்ப முடியவில்லை. எங்கள் ஆட்கள் பத்துப் பேரும் முன்னால் போய்விட்டார்கள். நாத்தனார் எனக்கு முப்பது அடி முன்னால், கொண்டை ஆடாமல் போய்க்கொண்டிருந்தார்.

திரும்பும் வழியில் அடையாறு பாலத்தின் மேலே என் வலது கெண்டைக்கால் சுண்டி இழுத்தது. அடுத்த அடி வைக்க முடியவில்லை. பாலத்து நடைபாதையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வெயில் ஏறியிருந்தது. தண்ணீர் பாக்கெட் கொடுத்துக்கொண்டிருந்த ஒருவர் என் காலில் தண்ணீரைப் பீய்ச்சினார். நிமிர்ந்தால், முன்னால் போன நாத்தனார் திரும்பி என்னை நோக்கி ஓடி வந்துகொண்டிருந்தார். அவர் நின்றால் அவருடைய நேரமும் போகும், பிறகு இரண்டு குழந்தைகளுக்கு இல்லை என்றாகிவிடும். எனக்கு அழுகை வந்தது. பாலத்தின் கைப்பிடிச் சுவரைப் பார்த்து, “ஓட முடியறவா போகட்டும். முடியாதவா இங்கயே இருக்கட்டும்” என்றேன்.

நாத்தனார் என் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து என் முகத்தை இரண்டு கையாலும் தன் பக்கம் திருப்பினார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளிடம் பேசுகிற மாதிரி வாயை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்: “போறவா யாரு? நான். இருக்கறவா யாரு? நீ. அந்தச் சுவத்துக்கிட்ட என்ன பேச்சு? என்னைப் பார்த்துச் சொல்லு. முடியுமா, முடியாதா?”

பத்து மாதங்களுக்குப் பிறகு அவர் என்னை ‘நீ’ என்றார். “முடியும் அக்கா” என்று என் வாய் சொல்லிவிட்டது. கால் அப்போது ஒப்புக்கொள்ளவில்லை. அவர் என் பாதத்தை மடியில் வைத்து விரல்களைப் பின்னால் வளைத்து, கெண்டைக்காலை அழுத்தி அழுத்தித் தேய்த்தார். தண்ணீர்க்காரர், “எந்திரிக்கா, இன்னும் கொஞ்சம் தூரம்தான் கீது!” என்று கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டார். எழுந்தபோது நான்கு நிமிடம் போயிருந்தது.

மீதித் தூரம் முழுவதும் அவர் என் கையை விடவில்லை. தன் வகுப்புப் பிள்ளைகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார், ஒரு விளக்குக் கம்பத்துக்கு ஒரு பெயர். “ரேவதி. அடுத்தது அன்வர். அடுத்தது ஸ்டெல்லா.” பன்னிரண்டு பெயரும் முடிந்தால் மறுபடி முதலிலிருந்து. இந்தப் பெயர்களை அவர் சாப்பாட்டு வேளையில் எத்தனை தடவை சொல்லியிருப்பார், நான் காதில் வாங்கியதே இல்லை. நான்காவது சுற்றில் நானே சொல்ல ஆரம்பித்தேன். சாந்தோம் தாண்டியபோது மூச்சில் பெயர்தான் இருந்தது, வலி எங்கோ இருந்தது. கலங்கரை விளக்கம் தெரிந்ததும் அண்ணாச்சி நாற்காலியிலிருந்து எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, எங்களை நோக்கி ஓடிவந்து பக்கத்திலேயே ஓடினார். “வாங்க டீச்சர், வாங்கம்மா, இன்னும் ஒண்ணரை நிமிசம் கெடக்கு!” என்று கத்தினார். ஒரு மணி ஐம்பத்தொன்பது நிமிடம். நாத்தனார் என்னைத் தன் முன்னால் தள்ளி, கோட்டைத் தாண்டவிட்டுப் பிறகு தான் தாண்டினார்.

மணலில் பக்கத்தில் பக்கத்தில் படுத்துக்கிடந்தோம். மூச்சு ஒரு நிலைக்கு வந்ததும், வானத்தைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன்: “அக்கா, அந்த அட்டையெல்லாம்... நான் திறந்து பாத்திருக்கணும். தப்பு என்னோடதுதான்.” அவர் உள்ளங்கையால் மணலைத் தட்டிச் சமப்படுத்தினார். பிறகு, “உங்காத்தைச் சொன்னேன் பாரு, அதுக்கு முன்னாடி நீ ஏதோ சொல்ல வாயைத் திறந்தே. என்னன்னு எனக்குத் தெரிஞ்சது. உதட்டைப் பாக்கறதுதானே என் வேலை? தெரிஞ்சும் சொன்னேன்” என்றார். அப்புறம் முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்து, “எல்லாத்தையும் மறுபடி வரைஞ்சாச்சு. உண்மையைச் சொல்லணும்னா அந்தப் பழைய யானை பன்னி மாதிரி இருந்தது” என்று சொல்லிச் சிரிக்க ஆரம்பித்தார். மணல் ஒட்டிய முகத்தோடு இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில், எங்களைத் தேடி வந்த என் கணவர் பயந்தே போய்விட்டார்.

இப்போது நாத்தனார் கொட்டிவாக்கத்தில் எங்கள் பக்கத்து ஃபிளாட்டில் இருக்கிறார். எழுபது தாண்டிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பளபளக்கிற ஷூவும், ஓட்டத்தின் கணக்கைச் சொல்லிக்கொண்டே வருகிற கைக்கடிகாரமுமாக இளம்பெண்கள் எங்களைத் தாண்டி ஓடுவார்கள். நாங்கள் நடக்கிறோம். சண்டையும் போடுகிறோம், ஆனால் நேருக்கு நேராக. அந்த ஓட்டத்தில் கொடுத்த சான்றிதழ் எங்கே போனதென்று இரண்டு பேருக்குமே தெரியாது. என் நினைவில் நிற்பதெல்லாம், அதற்கு இரண்டு வாரம் கழித்து நான் முதன்முதலாக அந்தப் பள்ளிக்குப் போன நாள்தான்.

அன்றைக்குக் கருவிகள் பொருத்தினார்கள். சட்டைப் பையளவு ஒரு பெட்டி, மார்பில் பட்டியால் கட்டிக்கொள்ள வேண்டும். அதிலிருந்து காதுக்கு ஒரு வயர். ஒரு பையன் மின்விசிறியைப் பார்த்து முகத்தைச் சுளித்தான். ஒரு பெண் தன் அம்மா பேசப் பேச அவள் வாயைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். வரிசையில் கடைசியாக ஆறு வயது வள்ளி. பொருத்திய பிறகும் அவள் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. அவள் எழுந்து வாசல் பக்கம் நடந்தாள். இரண்டு அடி வைத்ததும் நின்றாள். குனிந்து தன் ரப்பர் செருப்பைப் பார்த்தாள். இன்னும் ஒரு அடி வைத்தாள். மறுபடி நின்றாள். பிறகு தாழ்வாரத்துக்குப் போய், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடினாள். திரும்பி ஓடினாள். தன் காலடிச் சத்தத்தைத் தானே கேட்டுக்கொண்டு, வாயெல்லாம் சிரிப்பாக, மறுபடியும் மறுபடியும் ஓடினாள். தாழ்வாரத்தில் ஓடக் கூடாது என்பது பள்ளியின் விதி. தலைமை ஆசிரியை ஏதோ சொல்ல வாயெடுத்தார். நாத்தனார் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “ஓடட்டும்” என்றார். நாங்கள் எல்லோரும் சுவரோடு ஒட்டி நின்று அவளுக்கு வழி விட்டோம்.