வோல்டேஜில் பேசும் மாமியார்

நாடக அரங்கில் எல்லோருக்கும் அவள் அக்கா. அந்த உறவுமுறையில், நகரப் பேருந்து ஓட்டும் அவள் கணவர் எல்லோருக்கும் மாமா ஆகிவிட்டார். தாடி நரைத்த லைட்காரர்கூட, "மாமா, கொஞ்சம் நகருங்க" என்பார். அவருக்கு அதில் வருத்தமில்லை. நாடகத்துக்கு நாடகம் அவளுடைய பழைய சின்தசைசர் என்ற மின்னிசைக் கருவியைச் சுமந்துகொண்டு படியேறுகிறவர் அவர்தான். மாமா என்ற உரிமையில் ஓரத்தைப் பிடிக்கவாவது ஒருவர் ஓடிவருவார்.

அந்தக் கருவிக்கு வீட்டில் மாமியார் என்று பெயர். சுவிட்சைப் போட்டதும் பேசாது. உள்ளே சூடேறிய பிறகுதான் சுருதிக்கு வரும். யாராவது ஜன்னலைத் திறந்துவிட்டால் போதும், முகம் மாறிவிடும்.

"உங்கம்மாவச் சொல்லலைங்க, இதைத்தான் சொன்னேன்" என்று அவள் ஒவ்வொரு முறையும் மறக்காமல் விளக்கம் கொடுப்பாள்.

வீடுகளுக்குள் கம்ப்யூட்டர் வராத காலத்தில் செய்த கருவி அது. ஒரு நேரத்தில் ஒரே ஒரு ஸ்வரம்தான் பாடும். ஆனால் முகம் நிறையக் குமிழ்கள். ஒன்றைத் திருகினால், கண்ணாடி மாதிரி இருந்த குரல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரகரத்து, யாரோ அழுகையை விழுங்குவது போல ஆகிவிடும். வலது கையால் கட்டைகளை வாசித்துக்கொண்டே இடது கையால் அவள் அந்தக் குமிழ்களைத் திருகுவாள். மேடையில் ஒரு பாத்திரம் பொய் சொல்கிறது என்பதை நடிகரின் முகம் காட்டுவதற்கு முன்பே அவளுடைய இசை சொல்லிவிடும்.

ஒரு ஒத்திகையின்போது மேடை விளிம்பு தெரியாமல் காலை வைத்து விழுந்தாள். வலது மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் பிரித்த பிறகும் கடைசி இரண்டு விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

"வீட்டு வேலைக்கு இது போதும்மா" என்றார் மருத்துவர்.

"நான் என் வேலைக்குக் கேட்டேன் டாக்டர்."

அவர் விரல் பயிற்சிக்கு ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்தனுப்பினார்.

நாடக இயக்குநர் நல்ல பெண்மணி. வீடு தேடி வந்து ஆறுதல் சொன்னார். "அக்கா, இந்தச் சத்தமெல்லாம் இப்ப கம்ப்யூட்டர்லயே கிடைக்குது. ஒத்தைக் கையால எழுதிக்கலாம். கஷ்டப்படாதீங்க."

அவள் வீம்பு பிடிக்கவில்லை. அப்படியே செய்து பார்த்தாள். மவுஸை இடது கையில் பிடித்து ஸ்வரங்களை ஒவ்வொன்றாக வைத்து ஒரு மெட்டையே எழுதிவிட்டாள். திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்ட பிறகு கணவரைப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா எத்தனை தடவை கேட்டாலும் அதேதான் வருது."

"அதே வந்தா நல்லதுதானே?"

"பஸ்ஸுக்கு நல்லது."

அப்போதுதான் அந்த யோசனை அவளுக்கு வந்தது. மெட்டைக் கம்ப்யூட்டர் வாசிக்கட்டும்; பாடுவது மாமியாராக இருக்கட்டும். சிக்கல் என்னவென்றால் இரண்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. எந்தக் கட்டையை அழுத்த வேண்டும், எப்போது விட வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டர் எண்களாக அனுப்பும். அதற்கு மிடி என்று பெயர். மாமியாருக்கோ எண் என்றால் என்னவென்றே தெரியாது. பின்பக்கத் துளையில் வரும் வோல்டேஜ் கூடினால் சுருதி ஏறும், குறைந்தால் இறங்கும், அவ்வளவுதான். எண்ணை வாங்கி வோல்டேஜாகக் கொடுக்க நடுவில் ஓர் ஆள் வேண்டும். அதற்கென்றே விற்கும் சின்னப் பெட்டி ஒன்றை வாங்கி மாட்டினாள்.

கேட்ட சத்தத்தில், கூடத்தில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த டிரைவர் கணவர் அப்படியே நின்றார். மெட்டு இருந்தது, ஆனால் ஆள் அடையாளம் தெரியவில்லை. ஸ்வரங்களுக்கு நடுவே இருந்த தூரமெல்லாம் கன்னாபின்னாவென்று மாறிக் கிடந்தது. போதாக்குறைக்கு, சத்தம் வர வேண்டிய இடத்தில் மௌனம். மௌனம் இருக்க வேண்டிய இடத்தில் சத்தம்.

"கெட்டுப்போச்சா?" என்றார்.

"அவசரப்படாதீங்க. தப்புன்னாலும் ஒரு ஒழுங்காத்தான் தப்பு பண்ணுது."

அவருடைய மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டாள். வண்டி பேட்டரி பார்க்க வைத்திருந்தது. மாமியாரின் சொந்தக் கட்டைகளை அழுத்தினால் பின்பக்கம் வெளியே என்ன வோல்டேஜ் வருகிறது என்று பார்க்க ஆரம்பித்தாள். அவர் கட்டையை அழுத்த, அவள் அளந்தாள். கீழ் ஸ்தாயி 'ச'வுக்கு ஒரு வோல்ட். அடுத்த ஸ்தாயி 'ச'வுக்கு இரண்டு. அதற்கும் மேலே போனதும் அவர் மூன்றை எதிர்பார்த்தார். மீட்டர் நான்கு காட்டியது.

"பாத்தீங்களா?" என்றாள். "அந்தப் பெட்டி ஸ்தாயிக்கு ஒரு வோல்ட்னு கூட்டிக்கிட்டே போகுது. இது ஸ்தாயிக்கு ஸ்தாயி ரெண்டு மடங்காக்குது. ரெண்டும் வேற வேற கணக்கு."

பெட்டியின் மூடியைக் கழற்றினால் அந்தக் கணக்கை மாற்ற உள்ளே ஒரு சின்ன சுவிட்ச் இருந்தது. மாற்றினாள். ஸ்வரங்களுக்கு நடுவே இருந்த தூரம் சரியானது. மௌனமும் சத்தமும் இடம் மாறியதற்கும் காரணம் பிடித்தாள். சுருதித் துளைக்குப் பக்கத்தில், எப்போது பாட வேண்டும் என்று சொல்ல இன்னொரு துளை உண்டு; அதில் வோல்டேஜ் வந்தால் பாடும் கருவிகளுக்காகச் செய்த பெட்டி அது. மாமியார் நேர் எதிர். அந்த வோல்டேஜ் பூஜ்யமானால்தான் பாடும். அதற்கும் பக்கத்திலேயே இன்னொரு சுவிட்ச் இருந்தது.

ஆனால் அதன் மேல் விரலை வைத்தவள் அழுத்தவில்லை.

"இன்னொரு தடவை இப்படியே போடுங்க."

ஸ்வரங்கள் இருக்க வேண்டிய இடமெல்லாம் வெறுமையாக இருக்க, இடைவெளிகள் மட்டும் பாடின. புது நாடகத்தில், வீட்டை விட்டுப் போன மகளின் அறையில் ஒரு தகப்பன் தனியாக உட்கார்ந்திருக்கும் காட்சி வருகிறது. "இது அந்தக் காட்சிக்கு" என்றாள். அதை அப்படியே பதிவு செய்துவிட்டுத்தான் சுவிட்சை மாற்றினாள். முறிந்த கையோடு, முகம் சுளிக்காமல், தவறைக்கூட வீணாக்காத அந்தப் பொறுமையைப் பார்த்தபடி டிரைவர் நின்றுவிட்டார். பணிமனைக்குத் தாமதமாகத்தான் போனார்.

நாடகம் முதல்முறையாக ஒரு பிற்பகலில் அரங்கேறியது. அரங்கில் ஏசி ஏற ஏற மாமியாரின் சுருதி மெல்ல இறங்கியது. கடைசி வரிசையில் இருந்த டிரைவர் இருக்கையின் நுனிக்கு வந்தார். மேடையின் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்த அவள் நடிகர்களை விட்டுக் கண்ணை எடுக்காமல், சுருதிக் குமிழை மயிரிழை அளவு நகர்த்தினாள். சரியாகிவிட்டது. மெட்டு தானாக ஓடிக்கொண்டிருந்ததால் இடது கை முழுக்கக் குமிழ்களுக்கே இருந்தது. நடிகர் மூச்சு விடும் இடத்தில் குரலைத் திறந்தாள். அவர் தடுமாறிய இடத்தில் மூடினாள். வலது கையின் நல்ல விரல்கள்கூடச் சும்மா இருக்கவில்லை. இத்தனை வருடம் சுமந்த பொருளுக்குள் இப்படியொரு குரல் இருப்பது டிரைவருக்கு அன்றுதான் தெரிந்தது. மிட்டாய்த் தாளைப் பிரித்துக்கொண்டிருந்த பக்கத்து இருக்கைக்காரர் பாதியில் நிறுத்திவிட்டார்.

முடிந்ததும் இயக்குநர் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். "அக்கா, இன்னைக்கு வாசிச்சதைப் பதிவு பண்ணி வச்சுக்கிட்டா தினமும் நிம்மதியா இருக்கலாமே?"

"அந்த நடிகரையும் பதிவு பண்ணிடுவீங்களா?" என்று சிரித்தாள். இயக்குநரும் சிரித்துவிட்டார்.

வீட்டுக்குப் போகும் வழியில் சிக்னலில் வண்டி நின்றது. அவள் ரப்பர் பந்தை அமுக்கிக்கொண்டே எதையோ யோசித்தபடி இருந்தாள்.

"சரியாத்தானே வந்துச்சு?" என்று கேட்டார்.

"வந்துச்சு. ஆனா மூணாவது காட்சில குரலைச் சீக்கிரமா திறந்துட்டேங்க. அந்த நடிகர் கதவைப் பாக்குற வரைக்கும் பொறுத்திருக்கணும். நாளைக்குப் பாப்போம்."

பச்சை விழுந்தது. பின்னாலிருந்து யாரோ ஹாரன் அடிக்க, அவர் வண்டியை நகர்த்தினார்.