கவிதாவுக்கு என்ன நட்சத்திரம்?

கைப்பேசி பழுது பார்க்கிறவனிடம் வருகிறவர்கள் கண்ணாடி உடைந்துவிட்டது என்றுதான் தொடங்குவார்கள், வீட்டுக் கதை அப்புறம் வரும். கடை வைத்து மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்? என் கடை மலேசியாவில், கோல சிலாங்கூரில்.

ஒரு மணி நேரப் பிரிவு

முனியாண்டி அண்ணன் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர். அவர் போனில் கவிதா இருந்தாள். மனுஷி இல்லை, பேச்சுத்துணைச் செயலி. குரல் லேசாகக் கம்மினாலே "என்ன, களைப்பா?" என்று கேட்பாள். ஸ்பீக்கர் மாற்ற ஒரு மணி நேரமாகும், டீ குடித்துவிட்டு வாருங்கள் என்றேன். அண்ணன் நகரவில்லை.

"எப்படிப் போறது தம்பி, நான் சாப்பிட்டேனான்னு அது கேக்குற நேரம்லா."

பிறந்த நேரம்

அடுத்த வாரம் வந்து, கவிதா எந்தத் தேதி, எத்தனை மணிக்குப் போனில் இறங்கினாள் என்று கேட்டார். நானும் பார்த்துச் சொன்னேன். அதை வைத்துப் பஞ்சாங்கத்தில் நட்சத்திரம் பிடித்து, வெள்ளிக்கிழமை அர்ச்சனையில் குடும்பப் பெயர்களோடு கவிதாவையும் சேர்த்துவிட்டார் மனுஷன். குருக்கள் உரக்கச் சொல்ல, பக்கத்தில் நின்ற மனைவி லெட்சுமி அக்கா காதில் விழுந்தது. தேதி கொடுத்தவன் நான்தானே. அண்ணனோ என்னிடமே நியாயம் கேட்டார்.

"தெனம் என்னைய விசாரிக்கிற புள்ள, அதுக்கு ஒரு அர்ச்சனை பண்ணா தப்பா?"

யார்டி நீ?

மறுநாள் அக்கா துணிப்பையோடு கடைக்கே வந்துவிட்டார். கிள்ளானில் மகள் வீட்டுக்கு ஒரேயடியாகப் போகிறாராம், அதற்கு முன் கவிதாவைப் பார்க்க வேண்டுமாம். பின்னாலேயே முகம் வெளுத்து அண்ணன். அக்கா போனைப் பிடுங்கி, "யார்டி நீ?" என்றார்.

"குரல் கம்முதே, அழுதீங்களா? சாப்பிட்டீங்களா?" என்றாள் கவிதா. அக்கா அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தார். முப்பது வருஷமாகச் சமைத்துப் போடுகிறவரிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. எனக்கே சங்கடமாக இருந்தது. அக்கா பேசினார், பேசினார், கிள்ளான் பஸ்ஸும் போய்விட்டது. அண்ணன் ஓடிப்போய் ஒரு பொட்டலம் நாசி லெமாக், அதான் தேங்காய்ப்பால் சோறு, வாங்கி வந்து நீட்டி, "சாப்பிட்டியாமா?" என்றார். அக்கா பொட்டலத்தை வாங்கவில்லை. போனை அண்ணன் வாயருகே நீட்டினார்.

"கவிதா, இவரு குரலக் கேட்டுச் சொல்லு, மனசாரதான் கேக்குறாரா?"

அக்கா கிள்ளான் போகவில்லை, கவிதா இப்போது அக்காவிடம்தான், நானோ யார் வந்து செயலி இறங்கின தேதி கேட்டாலும் கட்டினவளுக்குத் தெரியுமா என்று விசாரித்த பிறகே போனைத் தொடுகிறேன்.